பத்தாவது பாட்டை நிறுத்தி வெச்சிருக்கேன்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதறது. இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், உங்கப்பாவோட இடது முழங்கால் மட்டும் அப்பப்ப மாத்துக் கருத்து சொல்லிக்கிட்டு இருக்கு. உன் சுகத்தை விசாரிக்கணும்தான், ஆனா விசாரிச்சா நல்லா இருக்கேம்மான்னு ரெண்டே வார்த்தைல கதவைச் சாத்திடுவே, அதனால நானே கண்டுபிடிச்சுக்கிட்டேன். போன வாரம் நீ அனுப்பின போட்டோவுல தோள்பட்டைத் தையல் ஒரு அங்குலம் கீழ இறங்கி நிக்குது. அந்தச் சட்டையைத் தைச்சது நான், என் அளவு தப்பாது, அப்போ மாறினது சட்டையா நீயா? எந்தப் பாலம் எவ்வளவு தாங்கும்னு நாள் பூரா கம்ப்யூட்டர்ல கணக்குப் போடறியே, உன் உடம்பு எவ்வளவு தாங்கும்னும் ஒரு நாள் போட்டுப் பாரு. இப்ப எழுதப் போறதைப் போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு நினைப்பே. போன்ல நான் ஆரம்பிச்சா நீ குறுக்க பேசுவே, நீ குறுக்க பேசினா எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும், அந்தச் சண்டைல சொல்ல வந்தது காணாமப் போயிடும். இந்த வீட்டு லட்சணம் உனக்குத் தெரியாததா.

விஷயம் எங்க பாட்டுக் குழுவைப் பத்தினது. உடனே கண்ணை உருட்டாதே. நாலு மாசமா ஆல்பம் ஆல்பம்னு நான் எட்டு வரி பத்து வரி எழுதி அனுப்பினா நீ பதிலுக்கு ஒரு மஞ்சக் கட்டைவிரல் அனுப்பறே, பெத்தவளுக்குக் கட்டைவிரல் காட்டறது என்ன மரியாதைன்னு எனக்கு இன்னும் புரியல. நானாவே ஒரு காரணம் கட்டிக்கிட்டேன். அம்பத்தாறு வயசுல ஒரு தையக்காரி, ஸ்கூல் பஸ் ஓட்டற அவ தங்கச்சி, தெருமுனைப் பல் டாக்டர், மூணு பொம்பளைங்க சேர்ந்து 'ஊக்கு'ன்னு ஒரு பேரை வெச்சுக்கிட்டு பாட்டுப் போடறோம்னா, அதை உன் ஆபீஸ்ல எப்படி வெளிய சொல்லுவே, பொண்ணுக்கு வெக்கமா இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அது வெக்கம் இல்லைன்னு போன செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிஞ்சுது. அதுக்குத்தான் இந்தக் கடிதம். ஆனா நடந்ததை முதல்லேருந்து சொன்னாத்தான் உனக்குப் புரியும், பொறுமையா படி.

ரெக்கார்டிங்குக்கு உன் அறையை எடுத்துக்கிட்டோம். நீ வேண்டாம்னு சொல்லல, கட்டைவிரல் அனுப்பினே, ஞாபகம் இருக்கட்டும். ஒலிப்பதிவுக்கு ஆள் யாருன்னு கேளு, பல் டாக்டர் கிளினிக்குக்குப் பக்கத்துக் கடையில காது கேக்கற மெஷின் விக்கிறாரே, அவரேதான். அவர் வீட்டுல மைக்கும் மிக்ஸரும் அடுக்கி வெச்சிருக்காருன்னு எங்க யாருக்கும் தெரியாது, பல் கட்ட வந்த இடத்துல வாயைத் திறந்தபடியே டாக்டர்கிட்ட சொல்லியிருக்காரு. மனுஷன் உன் அறைக்கு வந்தாரு, நாலு மூலைலயும் நின்னு கை தட்டினாரு, எனக்கு ஏதோ பாராட்டுன்னு நினைச்சு நான் கும்பிட்டேன். எதிரொலி ரொம்ப இருக்கும்மா, சுவரை மூடணும்னாரு. மூடறதுக்குத் துணியா நமக்குப் பஞ்சம்? நம்ம தையல் கடையிலேருந்து யூனிஃபார்ம் துணி பீஸை முழுசு முழுசா கொண்டுவந்து, நீலம் ஒரு சுவர், காக்கி ஒரு சுவர், சாம்பல் ஒரு சுவர்னு தரைலேருந்து தலை உயரத்துக்கு அடுக்கிட்டேன். திரும்பக் கை தட்டிப் பார்த்தாரு, சத்தம் அப்படியே பொத்துனு விழுந்துது, அந்த மனுஷன் முகத்துல வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே. உன் மேஜை, அலமாரி, நீ பரிசு வாங்கின அந்த அட்டைப் பாலம் எல்லாம் பத்திரமா இருக்கு, அட்டைப் பாலத்து மேல மட்டும் உன் சித்தி ஒரு தடவை டீ கிளாஸை வெச்சா, தாங்கிடுச்சு, உன்னைப் பத்தி எங்களுக்குப் பெருமையா இருந்துது.

உங்கப்பாவுக்கு நாங்க கொடுத்த வேலை, சத்தத்தை நிறுத்தறது. முப்பது வருஷம் வீடு வீடாப் போய்த் தண்ணி மீட்டர் படிச்சவருக்கு வீட்டுல எங்கெங்க எது ஓடுது எது சொட்டுதுன்னு அத்துப்படி. ஃப்ரிட்ஜை நிறுத்துவாரு, ஃபேனை நிறுத்துவாரு, கடிகாரத்துல பேட்டரியைக் கழட்டுவாரு, அப்புறம் வாசல்ல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்து தெருவுல போற வண்டியை எல்லாம் கையைக் காட்டி மெதுவா போகச் சொல்லுவாரு. ரெக்கார்டிங் நடக்கிறது, பெல் அடிக்காதீர்கள்னு கொட்டை எழுத்துல எழுதிக் கதவுல ஒட்டினதும் அவர்தான், ஒட்டிட்டுக் கதவு சாத்திக்கிச்சுன்னு பெல் அடிச்சதும் அவர்தான். மூணாவது பாட்டுல ஒரு தும்மல் விழுந்திருக்கு. எவ்வளவு சுரண்டியும் எடுக்க முடியலையாம், டாக்டரம்மா இருக்கட்டும் விடுங்க, தாளத்துல தான் விழுந்திருக்குன்னு சொல்லிட்டாங்க. அன்னைலேருந்து உங்கப்பாவுக்குத் தலைகால் புரியல, பால் வாங்கப் போற இடத்துல எல்லாம் நானும் ஆல்பத்துல இருக்கேன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாரு. இதுல முக்கியமானது என்னன்னா, நாங்க பாடறப்ப எல்லாம் அவர் வாசல்லதான் இருந்தாரு, ஒரு பாட்டோட வார்த்தையும் அவர் காதுல சரியா விழல. இதை மனசுல வெச்சுக்கோ.

ஒன்பது பாட்டு ஒரு வழியா முடிஞ்சுது. நான் இடுப்பளவு எடுக்கறப்ப வர்றவங்க எல்லாம் வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு நிப்பாங்களே, அதைப் பத்தினதுதான் முதல் பாட்டு, 'மூச்சைப் பிடிக்காதீங்க', ஆல்பத்துக்கும் அதே பேருதான். உன் சித்தி டிரம்ஸ் அடிக்கிறது பஸ்ஸுல பிரேக் போடற மாதிரியே இருக்கு, எல்லாரும் ஒரு தடவை முன்னாடி சாய்ஞ்சு எழுந்துக்கறோம். டாக்டரம்மா கிட்டார் வாசிக்கிறப்ப எங்களைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பெரிசா திறங்கன்னு சொல்றாங்க, தொழில் வாசனை போக மாட்டேங்குது. ஒன்பதாவது பாட்டு முடிஞ்ச அன்னைக்கு டிரம்ஸ் ரொம்ப அதிருது, உள்ள ஏதாவது பழந்துணி அடைங்கன்னு காதுக்கடைக்காரர் சொன்னாரு. அலமாரி அடித்தட்டுல உன் பழைய ஸ்கூல் யூனிஃபார்ம் இருந்துது, ஒன்பதாவது வகுப்புல நீ போட்டது. அதை எடுத்தேன்.

கண்ணு, அந்தப் பாவாடைக்குள்ள நான் ஒரு ரகசியப் பாக்கெட் வெச்சுத் தைச்சுக் கொடுத்தேனே, வெளிய தெரியாம, இடுப்புப் பட்டிக்கு உள்பக்கமா. இது உன் பாக்கெட், அம்மாகூட இதுல கை விட மாட்டேன்னு சத்தியம் பண்ணித்தான் கொடுத்தேன். அந்தச் சத்தியம் எனக்கு மறக்கல. ஆனா துணியை மடிக்கிறப்ப விரலுக்குள்ள காகிதம் நெருடிச்சு, பதினாறு வருஷம் ஆச்சே, ஏதாவது மிட்டாய்க் காகிதமா இருக்கும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டுக் கை விட்டுட்டேன். எட்டா மடிச்ச ஒரு நோட்டுத் தாள். உன் கையெழுத்து. கவிதை மாதிரி மடக்கி மடக்கி எழுதியிருந்தே. படிச்சேன், சும்மா படிக்கல, சத்தமா படிச்சேன், உன் சித்தியையும் டாக்டரம்மாவையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு.

நீ எழுதியிருந்தது இதுதான்: ரெண்டாவது வரிசை ஓர நாற்காலில என் பையை வெச்சு இடம் பிடிச்சேன், மூணு பேர் வந்து கேட்டாங்க, ஆள் வருதுன்னு சொன்னேன், விளக்கு அணைஞ்சுது, பை மட்டும் உக்காந்திருந்துது. அப்புறம் கீழ, வரலைன்னா பரவாயில்ல, வர்றேன்னு சொல்லாம இருந்திருக்கலாம். இதைப் படிச்சதும் எங்க மூணு பேருக்கும் வந்த குஷியைக் கேக்காதே. அடிப்பாவி, ஒன்பதாங்கிளாஸ்லயே சினிமாவுக்கு எவனுக்கோ இடம் பிடிச்சிருக்காளேன்னு உன் சித்தி கன்னத்துல கை வெச்சுக்கிட்டா. உன் கிளாஸ்ல செஸ் விளையாடுவானே, அந்தக் கண்ணாடிக்காரப் பையனாத்தான் இருக்கும்னு அவளே தீர்ப்பும் சொல்லிட்டா. டாக்டரம்மா அங்கயே கிட்டாரை எடுத்து மெட்டுப் போட்டாங்க, அரை மணி நேரத்துல பாட்டு தயார், பத்தாவது பாட்டு. உன்னைக் கேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. ஆல்பம் வந்ததும் ஆச்சரியப்படுத்தலாம், கூடவே அந்தக் கண்ணாடிக்காரனைச் சொல்லி உன்னை ஓட்டலாம்னு நான் மனக்கணக்குப் போட்டு வெச்சிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பாடினோம். பதினோரு தடவை பாடினேன், நல்லாக் கொஞ்சிக் குழைஞ்சு, ஏமாந்த காதலி மாதிரி. காதுக்கடைக்காரருக்குத் திருப்தி இல்ல. பாட்டு ஒண்ணு சொல்லுது, உங்க குரல் வேற ஒண்ணு சொல்லுதும்மா, நீங்க சிரிச்சுக்கிட்டே பாடறீங்கன்னாரு. எனக்குச் சுருக்குனு வந்துது, நாப்பது வருஷமா பாடறேன், எனக்கே சொல்லித் தர்றீங்களான்னு கேட்டேன். அவர் சண்டைக்கு வரல. கிட்டாரையும் டிரம்ஸையும் அடைச்சுட்டு என் குரலை மட்டும் ஸ்பீக்கர்ல விட்டாரு, நீங்களே கேளுங்கன்னு. அந்த நேரம் பார்த்து உங்கப்பா டீ எடுத்துக்கிட்டு உள்ள வந்தாரு. பையை வெச்சு இடம் பிடிச்சேன், மூணு பேர் வந்து கேட்டாங்கன்னு என் குரல் தனியா போகுது. உங்கப்பா தட்டோட அப்படியே நின்னுட்டாரு. இது யார் எழுதினதுன்னு கேட்டாரு. உங்க அருமைப் பொண்ணுதான், சினிமா தியேட்டர்ல எவனுக்கோ காத்திருந்திருக்கான்னு நான் சிரிச்சேன். அது தியேட்டர் இல்லைன்னு அவர் சொன்னாரு. ஸ்கூல் ஹால்னாரு. என்னைப் பார்த்து, உனக்குத்தான் அவ அந்த நாற்காலியைப் பிடிச்சு வெச்சான்னாரு.

அவருக்கு எப்படித் தெரியும்னு கேக்கறியா, உனக்குத் தெரியாதா என்ன. பாட்டுப் போட்டி முடிஞ்சு உன்னைக் கூட்டிட்டு வர அவர்தானே வந்தாரு, டூட்டி முடிஞ்சு கடைசி நிமிஷத்துல. நாற்காலி எல்லாம் மடக்கி அடுக்கறாங்களாம், நீ ரெண்டாவது வரிசைல உன் பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு இருந்தியாம். அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பான்னு மட்டும் சொன்னியாம். பதினாறு வருஷம் அந்த மனுஷன் சொல்லல. பெல் அடிக்காதேன்னு எழுதி ஒட்டிட்டுத் தானே பெல் அடிக்கிற மனுஷன், இதை மட்டும் கட்டிக் காப்பாத்தியிருக்காரு பாரு. பாடினாளான்னு கேட்டேன். பாடினா, கடைசி வரைக்கும் பாடினதா அவ டீச்சர் சொன்னாங்கன்னாரு.

அந்த நாளை நான் வேற விதமா ஞாபகம் வெச்சிருந்தேன். வேற ஒரு ஸ்கூலுக்கு விளையாட்டு விழாச் சட்டை இருநூத்தி நாப்பது, மறுநாள் காலைல கொடுக்கணும், காலர் தைக்கிற பொண்ணு வரல. நாலு மணிக்கு வந்துடறேன்னு உன்கிட்ட நான்தான் சொன்னேன், நீ கேக்கக்கூட இல்ல. இன்னும் ஒரு டஜன் முடிச்சிட்டுக் கிளம்பலாம், இன்னும் அரை டஜன்னு உக்காந்தேன், நிமிர்ந்து பார்த்தா மணி ஆறு. சட்டையைக் கொடுத்தப்ப அந்தத் தலைமை ஆசிரியர் கை குலுக்கினாரு, எனக்கு அது பெருமையான ஆர்டர், போன மாசம்கூட யார்கிட்டயோ சொல்லிக்கிட்டு இருந்தேன். நீ வீட்டுக்கு வந்து தொண்டை கட்டிக்கிச்சு, பாடலைம்மான்னே. நான் வெந்நீர் வெச்சுக் கொடுத்தேன். ஒண்ணு சொல்றேன், இதை உங்கப்பாகிட்டக்கூடச் சொல்லல. நீ பாடலைன்னு சொன்னதும் எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துது. அப்பாடா, நான் எதையும் தவற விடலைன்னு. அதுக்கப்புறம் நீ வீட்டுல பாடின ஞாபகமே எனக்கு இல்ல, அதையும் நான் கவனிக்கல, பெரிய பொண்ணாயிட்டா, படிப்புல கவனம் வந்துடுச்சுன்னு அக்கம்பக்கத்துல சொல்லிக்கிட்டேன். நான் இப்ப உன் அறைல உக்காந்து பாடி ஆல்பம் போடறேன்னு சேதி அனுப்பினா நீ வேற என்னத்தை அனுப்புவே. கட்டைவிரலாவது அனுப்பினியே.

அன்னைக்கு நான் வந்திருக்கணும். ஆர்டரைப் பத்தி எழுதினது காரணம் சொல்றதுக்கு இல்ல, நீ தெரிஞ்சுக்கறதுக்கு. வந்திருக்கணும், வரல, தப்பு என் மேல. அதுக்கு மேல உன் பாக்கெட்டுல கை விட்டது ரெண்டாவது தப்பு, அதைப் பாட்டாப் பாடிச் சிரிச்சது மூணாவது. என்னை மன்னிச்சுடும்மா.

பாட்டை நிறுத்துங்கன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். டாக்டரம்மா முகத்துல ஈயாடல. வர்ற வெள்ளிக்கிழமை ரிலீஸ்னு அவங்க வர்ற நோயாளிங்ககிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்காங்க, வாயைத் திறந்து வெச்சிருக்கிறவங்க பாவம் வேண்டாம்னா சொல்லுவாங்க. இருக்கறதுலயே நல்ல பாட்டு இதுதானே, உங்க பொண்ணு வேண்டாம்னா சொல்லிடப் போறான்னு கேட்டாங்க. சொல்லட்டுமே, அவ பாட்டுன்னு நான் சொன்னேன். உன் சித்தி, அந்தக் கண்ணாடிக்காரப் பையன் மேல அபாண்டமாப் பழி போட்டுட்டேனேன்னு அழுதா, அவன் எங்க இருக்கானோ. ரிலீஸை ஒரு மாசம் தள்ளி வெச்சாச்சு. ஆல்பத்தைப் போட்டுக் கொடுக்கத் துணி மிச்சத்துல நூறு உறை தைச்சு வெச்சிருக்கேன், அதுல பாட்டு வரிசை அடிக்க ரப்பர் ஸ்டாம்ப் செய்யணும், ஒன்பதா பத்தான்னு ஸ்டாம்ப் கடைக்காரர் ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டாரு. இருக்கட்டும், எல்லாரும் காத்திருக்கட்டும்.

புதன்கிழமை ஒரே ஒரு தடவை அதைத் திரும்பப் பாடினேன். ஆல்பத்துக்கு இல்ல, உனக்கு. கிட்டார் இல்ல, டிரம்ஸ் இல்ல, வாசல் வேலையை விட்டுட்டு உங்கப்பாவும் உள்ள வந்து துணி பீஸ் மேல உக்காந்துக்கிட்டாரு. நடுவுல ஒரு இடத்துல குரல் போயிடுச்சு, நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் பாடினேன், தெருவுல ஏதோ லாரி ஹாரன்கூட அடிக்குது. காதுக்கடைக்காரர் இதுதான்மா பாட்டுன்னாரு. நான் அதை ஒரு பென் டிரைவ்ல போடச் சொல்லிட்டு, அவர் கம்ப்யூட்டர்லேருந்து பதினோரு தடவை பாடினதையும் இதையும் அழிக்கச் சொன்னேன். மனுஷன் மயக்கம் போடாத குறை, தபால்ல தொலைஞ்சா என்ன பண்ணுவீங்கன்னு கெஞ்சினாரு. நான் பக்கத்துல நின்னு அழிக்க வெச்சுட்டுத்தான் நகர்ந்தேன். உன் தாளையும் அந்தப் பென் டிரைவையும் ஒரு துணிப் பையில போட்டு இதோட வெச்சிருக்கேன். தாளை நகல் எடுக்கல. மெட்டு மட்டும் டாக்டரம்மா மனசுல இருக்கு, அதை அழிக்க எனக்கு வழி தெரியல.

இனி உன் இஷ்டம். பத்தாவது பாட்டா போகலாம்னா திருப்பி அனுப்பு, எழுதினது யாருன்னு என்ன பேர் போடணும்னும் சொல்லு. நீயே பாடறேன்னு சொன்னா நான் வாயை மூடிக்கிட்டு உறை தைச்சுக்கிட்டு இருப்பேன், என் வாழ்க்கைல முதல் தடவையா. வேண்டாம்னா வேண்டாம், ஒன்பது பாட்டே எங்களுக்கு அதிகம், ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன், பதினாலு வயசுல இவ்வளவு அழகா யாரும் அவங்க அம்மாவைத் திட்டியிருக்க மாட்டாங்க. டாக்டரம்மாகூட ஒரு வார்த்தை மாத்தல.

வேளைக்குச் சாப்பிடு. அந்தச் சட்டையைத் தோள்ல பிடிச்சுத் தைக்கிறேன்னு ஊசியை எடுத்துடாதே, உன் கைத்தையலை நான் பார்த்திருக்கேன், நீ உடம்பைத் தேத்து, சட்டை தானா சரியாகும். எங்க இருந்தாலும் நீ நல்லா இருக்கணும், மனசு நிறைஞ்சு இருக்கணும், எடுத்த காரியம் எல்லாம் கைகூடணும், நானும் உங்கப்பாவும் தினமும் நினைக்கிறது அது ஒண்ணுதான். பதில் எழுத மறக்காதே, கட்டைவிரல் செல்லாது. திட்டறதா இருந்தா முழுசா திட்டு, ஆனா இந்தத் தடவை எனக்கே அனுப்பு. அப்புறம் அந்தப் பென் டிரைவ், அதுல நான் பாடியிருக்கறதை நீ கேக்கணும்னு எனக்கு ஆசைதான். கேக்க வரலைன்னாலும் பரவாயில்லடா கண்ணு, எனக்குப் புரியும்.

இப்படிக்கு,
உன் வரவுக்கும் பதிலுக்கும் காத்திருக்கிற
அம்மா